ஆமைப் படத்துக்கு ஏற்ற லென்ஸ்

என் லென்ஸைப் பற்றி அதன் சொந்தக்காரர்கள் இணையத்தில் எழுதியிருப்பதை எல்லாம் நான் படித்திருக்கிறேன். வாங்குவதற்கு முன்பு அல்ல, வாங்கிய பிறகு. நாகானோவில் பழைய கேமரா விற்கும் கடையில் அதைக் கண்ணாடி அலமாரிக்குள்கூட வைக்கவில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டிருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன், கைக்கு அடக்கமாக இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அதன் பெயரைத் தட்டிப் பார்த்தால், ஊரே கூடி நின்று அதைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

"வெயில் அடித்தால் பரவாயில்லை. மேகம் வந்தால் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்" என்று ஒருவர். "ஆட்டோஃபோகஸ் காப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரி சத்தம் போடுகிறது. என்ன உடைந்தது என்று மனைவி குளியலறையிலிருந்து கேட்கிறாள்" என்று இன்னொருவர். ஜூமை முழுக்க நீட்டினால் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிகிறது என்று மூன்றாமவர். கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாக எடுக்க 'மேக்ரோ' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அதை எதற்கு வைத்தார்கள் என்றே தெரியவில்லை என்று நான்காமவர். எல்லாருக்கும் மேலாக ஒரு மகராசன் ஐந்தில் இரண்டு நட்சத்திரம் போட்டு, "பறவைக்கு ஆகாது. ஆமைப் படத்துக்கு ஏற்ற லென்ஸ்" என்று எழுதியிருந்தார்.

ஐந்து நட்சத்திரம் போட்டவர் ஒரே ஒருவர்தான். "குறைகள் எல்லாம் உண்மை. ஆனாலும் விற்க மனம் வரவில்லை" என்று எழுதிவிட்டு, காரணத்தைச் சொல்லாமலே போய்விட்டார். திட்டியவர்களைவிட அவர்மேல்தான் எனக்குக் கோபம். சொல்லித் தொலைத்தால் என்ன?

நான் சொனோபே யாசுவே. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணக்குப் பார்க்கத்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த அலுவலகத்தில் என்னை யாராவது நினைவு வைத்திருந்தால் தேநீருக்காகத்தான் வைத்திருப்பார்கள். எந்தத் துறைத் தலைவருக்கு எந்தக் கோப்பை, யாருக்குத் திடமாக வேண்டும், யாருக்கு ஆறியிருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என்னோடு சேர்ந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் தலைவரானார்கள், நான் அவர்களுக்கும் ஊற்றினேன். ஓய்வு பெற்ற அன்று பூங்கொத்து கொடுத்தார்கள். அதற்கு முன்னால் நடந்த சின்னக் கூட்டத்துக்கும் நான்தான் தேநீர் ஊற்றினேன்.

இனி யாருக்கும் ஊற்றுவதில்லை என்று முடிவு செய்து, ஒரு கேமராவும் கூடையில் கிடந்த இந்த லென்ஸுமாகச் சுரைக்காய்க் குளத்துக்குப் போக ஆரம்பித்தேன். சைதாமாவில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். அங்கே மீன்கொத்தி உண்டு. மீன்கொத்தி இருக்கிற குளத்தில், அதைப் படம் எடுக்க வரும் ஓய்வு பெற்ற ஆண்களும் உண்டு. கரையோரம் மடக்கு ஸ்டூல்களை வரிசையாகப் போட்டு, முக்காலிகளின் மேல் பீரங்கி மாதிரி லென்ஸ்களை நிறுத்தி, காலை முழுவதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். வந்த வரிசைப்படிதான் இடம். பறவை உட்கார நாமாகக் குச்சி நடக் கூடாது. மீன் வாங்கிவந்து போடக் கூடாது. பறவை பக்கத்தில் வந்தால் அசையக் கூடாது. அங்கே சட்டம் இவ்வளவுதான்.

முதல் நாளே என் லென்ஸைப் பார்த்துவிட்டார்கள்.

"அட, இதுவா? என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சுங்க" என்றார் குரிமோத்தோ. குழுவின் தலைவர் அவர். குடிநீர் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஒரு குளிர்காலம் வெச்சிருந்தேன். அப்புறம் பொறுமை போயிடுச்சு."

"என்கிட்ட இன்னும் இருக்கு" என்றார் பல் மருத்துவர் இகரஷி. அந்தக் கரையிலேயே பெரிய லென்ஸ் அவருடையது. "மேஜை டிராயர்ல எங்கயோ கெடக்கு. மூடியை மட்டும் கழட்டி வேற லென்ஸுக்குப் போட்டுக்கிட்டேன். மூடி நல்ல மூடி."

ஆக, இணையத்தில் படித்ததை எல்லாம் மறுபடி நேரில் கேட்டேன். அந்தக் கரையில் இருந்த எல்லோருமே ஒரு காலத்தில் இந்த லென்ஸின் சொந்தக்காரர்கள்தான். கை மாற்றிவிட்டுத் திட்டுகிறவர்கள். நான் பொத்தானைப் பாதி அழுத்தி, லென்ஸ் 'கர்ர்ர்' என்று சுற்றினால் போதும், இகரஷி நிமிர்ந்து உட்காருவார்.

"சொனோபேசான், இந்தச் சத்தத்தை என் கிளினிக்குல போட்டா போதும். சொல்லாமலே எல்லாரும் வாயைத் தெறந்துடுவாங்க."

"அப்ப ஒரு நாள் எடுத்துட்டு வரேன். உங்க துளைப்பான் சத்தத்தைவிட இது மேல்னு அவங்க சொல்லுவாங்க."

குரிமோத்தோவின் மனைவி கிமியே மதியத்துக்குச் சோற்று உருண்டை கொண்டுவருவார். எல்லோருக்கும் பங்கு உண்டு. வந்தால் ஒரே புலம்பல்தான் அவருக்கு.

"பத்தாயிரம் படம் எடுத்திருக்காரு. எல்லாம் பறவை. இவரு மூஞ்சி ஒண்ணுல கூட இல்லை. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அஞ்சலிக்கு எந்தப் படத்தை வெக்கறது? ஸ்டூடியோவுக்குப் போய் ஒண்ணு எடுத்துட்டு வாங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு. நான் எனக்கு எடுத்து, சட்டம் போட்டே வெச்சுட்டேன். நீலக் கிமோனோ, நல்லா வந்திருக்கு."

"ஸ்டூடியோவுல சிரிக்கச் சொல்லுவாங்க" என்றார் குரிமோத்தோ, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே.

"அப்ப மீன்கொத்தியை வெச்சுடறேன். வர்றவங்க அதுக்குக் கும்பிட்டுட்டுப் போகட்டும்."

வருடா வருடம் நவம்பரில், பண்பாட்டு நாளன்று, பக்கத்துச் சமூகக் கூடத்தில் எங்கள் குழு கண்காட்சி வைக்கும். ஆளுக்கு ஒரு படம். படத்தின் கீழே பெயர்ச் சீட்டு. முதல் வருடம் நான் ஆமைப் படம் மாட்டினேன். கல்லின் மேல் வெயில் காய்கிற ஆமை. அடுத்த வருடமும் ஆமைதான், இந்த முறை கழுத்தை நீட்டியபடி. "அட, போன வருஷத்து ஆமையா?" என்று ஒரு பெண்மணி நின்று விசாரித்தார். ஆமாம் என்றேன். எனக்கு அந்தச் சுவர் பிடித்திருந்தது. என் பெயர் அச்சடித்து ஒரு சுவரில் ஒட்டியிருப்பதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. பெயர்ச் சீட்டு இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் செப்டம்பரில் குரிமோத்தோ எங்களைக் கரையில் நிற்க வைத்துச் சொன்னார்.

"பாதிச் சுவத்தை எழுத்தோவியக் குழுவுக்குக் குடுத்துட்டாங்க. இடம் கம்மி. அதனால இந்த முறை மீன்கொத்தி மட்டும். படத்துல மீன்கொத்தி இருக்கணும். மீன்கொத்திப் படம் இல்லாதவங்க மனசு கஷ்டப்பட வேண்டாம். அன்னைக்குத் தேநீர் மேசையில ஒரு கை குடுத்தாங்கன்னா பெரிய உதவியா இருக்கும்."

மீன்கொத்திப் படம் இல்லாதவள் அங்கே நான் ஒருத்திதான். குரிமோத்தோ யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. வேண்டுமென்றே சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் யோசிக்காமல், இயல்பாகத் தேநீர் மேசை என்றதும் அது என் பக்கம் வந்து நின்றது.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் குளத்தில் இருந்தேன். பறவை குளத்தின் நடுவில் நின்ற பட்டுப்போன குச்சியில் வந்து உட்காரும். அங்கிருந்து தண்ணீரில் பாயும். நான் பொத்தானை அழுத்துவேன். லென்ஸ் கர்ர்ர் என்று இந்தக் கோடிக்குப் போய், கர்ர்ர் என்று அந்தக் கோடிக்குப் போய், கடைசியில் ஒரு முடிவுக்கு வரும்போது பறவை மீனை விழுங்கிவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டிருக்கும். என்னிடம் தண்ணீர் தெறிக்கும் படங்கள் இருந்தன. குச்சிப் படங்கள் இருந்தன. ஒன்றில் வால் மாதிரி ஏதோ இருந்தது. உட்கார்ந்திருப்பதை எடுத்தாலோ நீலமாக ஒரு பஞ்சு உருண்டை.

இகரஷிக்கே பாவமாகப் போய்விட்டது. "என்னோட ரெண்டாவது லென்ஸைத் தரேன், ஒரு வாரம் வெச்சுக்குங்க" என்றார்.

"வேண்டாங்க. அதுல எடுத்தா அது உங்க படம்."

வீம்புதான். எனக்கே தெரியும். ஆனால் சுவரில் என் பெயர்ச் சீட்டு தொங்க வேண்டுமானால் மேலே இருப்பதும் என்னுடையதாக இருக்க வேண்டும்.

அக்டோபரில் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, குரிமோத்தோ தன் லென்ஸுக்குப் புது உறை வாங்கினார். கருவேல இலையும் மரப்பட்டையும் அச்சடித்த துணி. லென்ஸின் நுனியிலிருந்து கேமரா வரைக்கும் சுற்றிக்கட்டினால், கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும்போது முக்காலியின் மேல் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. மனிதருக்கு ஒரே பெருமை. "தலைவரே, உங்க லென்ஸை எங்க வெச்சீங்க, காணோமே" என்று இகரஷி கேட்கக் கேட்க, அவர் உறையை நீவி விட்டுக்கொண்டார். இரண்டாவது, பூங்கா ஆட்கள் நாணலைச் சுத்தம் செய்கிறோம் என்று அந்தப் பட்ட குச்சியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாமாகக் குச்சி நடக் கூடாது என்பது எங்கள் சட்டம். குச்சி இல்லாத குளத்துக்குப் பறவை வராது என்று மற்றவர்கள் எல்லோரும் ஆற்றுப் பக்கம் போய்விட்டார்கள்.

படம் அனுப்பக் கடைசி நாள் திங்கட்கிழமை. ஞாயிறு காலை கரையில் மூன்று பேர்தான். இகரஷி, அவர் தோளை ஒட்டி குரிமோத்தோ, பிறகு யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு காலி ஸ்டூல், அப்புறம் நான். நல்ல வெயில். தேநீர் மேசைக்கான ஏப்ரனை இன்றைக்கே துவைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மீன்கொத்தி வந்தது. இந்தக் கோடையில் பிறந்த குஞ்சு. மார்பு நிறம் இன்னும் தெளியவில்லை, பயம் என்றால் என்னவென்று தெரியாத வயது. தண்ணீரை ஒட்டிப் பறந்து வந்து, குச்சி இருந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. குச்சி இல்லை. மறுபடி சுற்றியது. பிறகு நேராகக் கரைக்கு வந்து, குரிமோத்தோவின் லென்ஸின் மேல் உட்கார்ந்துவிட்டது. நுனியில்கூட இல்லை. கேமராவை ஒட்டி, அவருடைய மூக்குக்கு ஒரு சாண் முன்னால்.

குரிமோத்தோ மெல்லக் கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்து நிமிர்ந்தார். அதற்குமேல் அசையவில்லை. அத்தனை வருடமும் லென்ஸ் வழியாகவே பார்த்ததை அன்றுதான் வெறும் கண்ணால் பார்க்கிறார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு விடுகிறாரா என்றே எனக்குச் சந்தேகம்.

இகரஷியின் நிலைமையைச் சொல்ல வேண்டும். உலகத்தில் உள்ள எந்தப் பறவையும் தப்பாத லென்ஸ் முன்னால் நிற்கிறது. ஆனால் அந்த மாதிரி பெரிய லென்ஸுக்கு நாலைந்து மீட்டராவது தள்ளி இருந்தால்தான் கண் தெரியும். தோளுக்குப் பக்கத்தில் இருப்பதை அது என்ன செய்யும்? கைப்பேசி பைக்குள், பை ஸ்டூலுக்கு அடியில். குனிந்தால் பறவை போய்விடும். மனிதர் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் லென்ஸ் மடியில் கிடந்தது. எனக்கும் பறவைக்கும் நடுவில் அந்தக் காலி ஸ்டூல்தான், கையை நீட்டினால் எட்டாது, அவ்வளவு தூரம். மேக்ரோ சுவிட்ச் ஞாபகம் வந்தது. ஜூமை நீட்டினால்தான் அது நகரும். நீட்டினேன். விரலால் தள்ளினேன். மெல்லத் தூக்கிக் கண்ணில் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தினேன்.

கர்ர்ர்ர்.

அந்த அமைதியில் அது குளம் முழுக்கக் கேட்டிருக்கும். போச்சு என்று நினைத்தேன். ஆனால் பறவை பறக்கவில்லை. இது என்ன புதுப் பிராணி என்பது போலத் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. குரிமோத்தோவும் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் லென்ஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லென்ஸ் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பி வந்து நின்றது. அழுத்தினேன். இன்னும் இரண்டு முறை அழுத்தினேன். பிறகு பறவை புது உறையின் மேல் வெள்ளையாக ஒரு சொட்டு வைத்துவிட்டுப் பறந்துபோனது.

"சொனோபேசான்" என்றார் குரிமோத்தோ கடைசியில். "சத்தம்."

"மன்னிச்சுக்குங்க."

"படம் விழுந்துச்சா?"

காட்டினேன். சின்னத் திரையில் பறவை கண்ணில் ஒளியோடு இருந்தது. பக்கத்திலேயே அவர் முகம், சிறு பிள்ளை முதல்முறை கடலைப் பார்த்தது போல. லென்ஸின் வழக்கப்படி முகத்தில் லேசாகப் பனி படர்ந்திருந்தது. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"தலைவரே, இது மீன்கொத்திப் படமா, உங்க படமா?" என்றார் இகரஷி. அவருக்குக் கடுப்பு, அது நியாயம்தான்.

குரிமோத்தோ உறையின் மேலிருந்த வெள்ளைச் சொட்டைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை படத்தை அவருக்கு அனுப்பினேன். எல்லார் படத்தையும் வாங்கி மொத்தமாக அச்சுக்குக் கொடுப்பது தலைவரின் வேலை. "கிடைத்தது" என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. குளத்துக்கும் அவர் வரவில்லை. வாய் திறந்த தன் முகத்தை ஊர் பார்க்க மாட்டுவதில் அவருக்குச் சம்மதம் இருக்காது, சொல்லவும் சங்கடப்படுகிறார் என்று புரிந்துகொண்டேன். ஏப்ரனைத் துவைத்துத் தேய்த்து வைத்தேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் லென்ஸின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். ஐந்து நட்சத்திரம் போட்டேன். "குறைகள் எல்லாம் உண்மை" என்று எழுதினேன். மேலே எழுத நினைத்தேன். குஞ்சு, கிளை மாதிரி உறை, சத்தம், சாய்ந்த தலை என்று எங்கிருந்து தொடங்குவது? அப்படியே அனுப்பிவிட்டேன். காரணம் சொல்லாமல் போன அந்த மனிதர்மேல் இருந்த கோபம் அதோடு தீர்ந்தது.

பண்பாட்டு நாளன்று ஏப்ரனைப் பையில் வைத்துக்கொண்டு சமூகக் கூடத்துக்குப் போனேன். சுவரைப் பார்க்காமல் நேராகத் தேநீர் மேசைக்குப் போய்விடுவது என்று தீர்மானித்திருந்தேன். போனால், மேசைக்குப் பின்னால் வேறொருவர் நிற்கிறார். கோடு போட்ட ஏப்ரன், நாடாவை முன்பக்கம் முடிந்திருக்கிறார். குரிமோத்தோ.

"அங்க பாருங்க" என்று கையைக் காட்டினார்.

சுவரின் நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, பறவையும் அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே பெயர்ச் சீட்டு. சொனோபே யாசுவே. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். சுவர் முழுக்கத் தேடினேன், குரிமோத்தோவின் பெயர் எங்கும் இல்லை.

"உங்க படம் எங்க, தலைவரே?"

"மாட்டலை. ஆளுக்கு ஒரு இடம்தான். நான்தான் ஏற்கெனவே சுவத்துல இருக்கேனே." தேநீர்க் கெண்டியை எடுத்தார். "படம் இல்லாதவங்க தேநீர் ஊத்தணும். அதையும் நான்தான் சொன்னேன்."

கிமியே என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொனோபேசான், எனக்கு இதுல இன்னொரு பிரதி வேணும். சட்டம் போட்டு என்னோடது பக்கத்துல வெச்சுடறேன். இவருக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்கு. ஆனா மூஞ்சி இதைவிட நல்லா வரப்போறதில்லை. சுருக்கமே தெரியலை பாருங்க."

"அது லென்ஸோட குறைங்க" என்றேன். "அஞ்சலிக்குன்னா, பறவையை வெட்டிட்டு முகத்தை மட்டும் பெருசாக்கித் தரட்டுமா?"

"பறவை இருக்கட்டும்" என்றது தேநீர் மேசை.

"கேட்டீங்களா?" என்றார் கிமியே. "விட்டா மூஞ்சியை வெட்டச் சொல்லுவாரு."

இகரஷி என் பக்கமாக வந்து, சுவரைப் பார்ப்பது போல நின்றுகொண்டார். "அந்த மேக்ரோ சுவிட்ச், எந்தப் பக்கம் தள்ளணும்? டிராயரைத் தேடி எடுத்துட்டேன். மூடிதான் இல்லை."

"மூடி நல்ல மூடிங்க" என்றேன். வேறென்ன சொல்வது.

அப்போது குரிமோத்தோ ஒரு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து எடுத்து வந்து, குனிந்து எனக்குக் கொடுத்தார். தலைவர் என்ற பெயருள்ள ஒரு மனிதர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தருவது இதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வாய் குடித்தேன். வெந்நீர்.

"தலைவரே" என்றேன். "முப்பது வருஷம் ஊத்தினவ சொல்றேன். இலை இன்னும் ஊறவே இல்லை. அவசரப்படாம வேற போட்டு எடுத்துட்டு வாங்க."

"மன்னிச்சுக்குங்க" என்று கோப்பையை வாங்கிக்கொண்டு மேசைக்குத் திரும்பிப் போனார். நான் பையிலிருந்த ஏப்ரனை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளிவிட்டு, என் தேநீருக்காகக் காத்திருந்தேன்.